பெரிய வேட்டைச் சிக்லிட் மீன்கள்: திருகோணமலையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒஸ்கார், ஜாகுவார், ரெட் டெவில், பீகொக் பாஸ் என்று பெரிய மீன் வளர்க்க ஆசைப்படுகிறவர்கள் திருகோணமலையில் கூடிக்கொண்டே வருகிறார்கள். கேள்விகளும் வருகின்றன, ஆனால் பிந்தித்தான் வருகின்றன. மீனை வாங்கி, தொட்டி கலங்கி, மீன் மேலே வந்து வாயைப் பிளக்கிற நேரத்தில்தான் பலர் கேட்கிறார்கள். வாங்குவதற்கு முன்னமே கேட்டால் எவ்வளவோ மீன்கள் பிழைக்கும். நம் ஊர்த் தண்ணீர், நம் ஊர் வெக்கை, நம் ஊர் கரண்ட் கட் எல்லாவற்றையும் மனத்தில் வைத்தே பதில் எழுதியிருக்கிறேன். குளிர் நாடுகளுக்கென்று சொல்லப்படும் ஆலோசனைகளில் பாதி இங்கே பொருந்தாது.

சிக்லிட் என்றால் என்ன மீன்?

உங்களுக்குத் தெரிந்த மீன்தான். கந்தளாயிலிருந்து சந்தைக்கு வரும் திலாப்பியா ஒரு சிக்லிட். களப்புகளில் பிடிபடும் கொரளியாவும் சிக்லிட்தான். அது நம் நாட்டிலும் இந்தியாவிலும் இயற்கையாகவே வாழ்வது. உலகம் முழுக்க 1,600க்கு மேற்பட்ட இனங்கள் இந்தக் குடும்பத்தில் உண்டு. பெரும்பாலானவை ஆபிரிக்காவிலும் தென், மத்திய அமெரிக்காவிலும் வாழ்கின்றன. அவற்றில் மற்ற மீனைப் பிடித்துத் தின்று பெரிதாக வளரும் சிலவற்றைப் பற்றித்தான் இங்கே பேசுகிறோம்.

இந்தக் குடும்பத்துக்கு ஒரு விசேஷம் உண்டு. வாயில் இருக்கும் தாடை போதாதென்று தொண்டைக்குள் இன்னொரு தாடையும் இருக்கிறது. ஒஸ்காருக்கு ஓட்டோடு ஓர் இறால் போட்டுப் பாருங்கள். வாய் குழல்போல முன்னுக்கு நீளும், இறால் தண்ணீரோடு சேர்ந்து உள்ளே போய்விடும். அதோடு முடியாது. வாயை மூடிக்கொண்டு அது அப்படியே நிற்கும். கன்னமும் செவுள் மூடியும் விட்டு விட்டு அசையும். கொஞ்ச நேரத்தில் செவுள் வழியாக ஓட்டுத் துகள்கள் தூள்தூளாகக் கொட்டும். தொண்டைத் தாடை அரைத்துத் தள்ளிய மிச்சம் அது. பார்க்க அழகுதான். ஆனால் அந்தத் துகளெல்லாம் தொட்டியிலேயே அழுகும் என்பதை மறக்கக் கூடாது. வேட்டை மீனின் தொட்டிக்குப் பெரிய பில்டர் கேட்பதற்கு முதல் காரணமே இதுதான்.

எந்த மீன் எவ்வளவு வளரும்?

இந்தப் பதிலை மட்டும் தயவுசெய்து இரண்டு தரம் வாசியுங்கள். கடையில் எல்லாம் இரண்டு விரல் நீளக் குஞ்சுகள். விலையும் பெரிய வித்தியாசமில்லை. வளர்ந்த பிறகுதான் வித்தியாசம்.

ஒஸ்கார் அமேசன் ஆற்றுப் படுகையைச் சேர்ந்தது. 30 முதல் 35 சென்ரிமீற்றர் வரை வளரும். நன்றாகச் சாப்பிட்டால் ஒரு வருடத்திலேயே 25 சென்ரிமீற்றரைத் தொட்டுவிடும். 10 வருடத்துக்கு மேல் சாதாரணமாக வாழும். புதிதாகத் தொடங்குகிறவருக்கு நான் சொல்வது இதைத்தான். ஆளை அடையாளம் கண்டு கண்ணாடிக்கு ஓடிவரும், சாப்பாடு கேட்டு வாலை ஆட்டும், பெல்லட் என்ற உருண்டைத் தீனியைத் தின்னப் பழகும், மற்ற வேட்டைச் சிக்லிட்டுகளோடு ஒப்பிட்டால் சாது.

ஜாகுவார் மத்திய அமெரிக்க மீன். ஆண் 40 சென்ரிமீற்றரையும் தாண்டும். உடம்பெல்லாம் கறுப்புப் புள்ளி, வாயில் தெளிவாகத் தெரியும் பல். ரெட் டெவில் நிகராகுவா ஏரிகளிலிருந்து வந்தது. 30 சென்ரிமீற்றருக்கு மேல் வளரும், கோபம் அதிகம். இரண்டையுமே தனியாகத்தான் வைக்க வேண்டிவரும்.

வுல்ஃப் சிக்லிட், சிலர் டோவி என்பார்கள், 70 சென்ரிமீற்றர் வரை போகும். பீகொக் பாஸில் பல இனங்கள். சிறியவையே அரை மீற்றரை எட்டும். எல்லாவற்றிலும் பெரிய இனமான டெமென்சிஸ் ஒரு மீற்றர் அளவுக்கு வளர்ந்து 12 கிலோவுக்கு மேல் எடை போடும். இந்த இரண்டையும் வீட்டுத் தொட்டி மீன் என்று என்னால் சொல்ல முடியாது. வளவில் பெரிய குளம் கட்ட இடமும் காசும் இருப்பவர்கள் யோசிக்கட்டும்.

இவ்வளவு பெரிய மீன் வேண்டாம், வேட்டைக் குணம் மட்டும் பார்க்க வேண்டும் என்றால் ஆபிரிக்காவின் மலாவி ஏரியில் வாழும் லிவிங்ஸ்டோனி இனத்தைப் பாருங்கள். 25 சென்ரிமீற்றர் அளவில் நின்றுவிடும். மணலில் சரிந்து செத்த மீன்போலக் கிடக்கும். உடம்பின் திட்டுத் திட்டான நிறம் அழுகிய மீனைப் போலவே இருக்கும். கொத்தித் தின்ன வரும் சின்ன மீனைச் சட்டென்று திரும்பிப் பிடிக்கும்.

ஒஸ்காருக்கு மூன்றடித் தொட்டி போதாதா?

குஞ்சுக்குப் போதும், மூன்று நான்கு மாதத்துக்கு. அதற்குப் பிறகு போதாது. ‘தொட்டிக்கு ஏற்ற அளவுதான் மீன் வளரும்’ என்று கடைகளில் சொல்வார்கள். அதை நம்பாதீர்கள். வளர்ச்சி குறைவது உண்மைதான். அழுக்கு நீரும் இடநெருக்கடியும் மீனைக் குன்றச் செய்கின்றன. முதுகு வளைந்து, கண் மட்டும் பெரிதாகத் தெரியும் ஒஸ்காரைப் பார்த்திருப்பீர்கள். அது நோயாளி.

கணக்கு இலேசு. நீளம், அகலம், உயரம் மூன்றையும் அடியில் பெருக்கி, வரும் எண்ணை 28ஆல் பெருக்கினால் கிட்டத்தட்ட எத்தனை லீற்றர் என்று வரும். நான்கடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் என்றால் 250 லீற்றர். இது ஒஸ்காருக்கு மட்டுமட்டு. அதே நான்கடியை இரண்டடி அகலம், இரண்டடி உயரத்தில் செய்தால் 450 லீற்றர். ஓர் ஒஸ்கார் ஆயுள் முழுக்க நன்றாக வாழும். ஜாகுவாருக்கும் இரண்டு ஒஸ்காருக்கும் ஆறடி, இரண்டடி, இரண்டடி வேண்டும்: 680 லீற்றர் அளவில் வரும்.

செலவைக் குறைக்க வேண்டுமென்றால் உயரத்தில் குறையுங்கள், அகலத்தில் குறைக்காதீர்கள். மீன் திரும்ப வேண்டும். 35 சென்ரிமீற்றர் மீன் 45 சென்ரிமீற்றர் அகலத்தில் எப்படித் திரும்பும் என்று அளவுநாடாவைப் பிடித்துப் பாருங்கள்.

அந்தப் பாரத்தை வீடு தாங்குமா?

680 லீற்றர் தண்ணீர் 680 கிலோ. கண்ணாடி, மணல், ஸ்டாண்ட் எல்லாம் சேர 900 கிலோவை நெருங்கும். நிலத்தோடு இருக்கும் சீமெந்துத் தரை தாங்கும். மேல்மாடி என்றால் கட்டிய மேசனிடமோ பொறியியலாளரிடமோ கேட்காமல் வைக்காதீர்கள். ஆறடித் தொட்டிக்கு 12 மில்லிமீற்றர் கண்ணாடியும் மேலே குறுக்குப் பட்டியும் போடச் சொல்லுங்கள்.

ஸ்டாண்ட் விஷயத்தில் நம் ஊருக்கு ஒரு தனிப் பிரச்சினை இருக்கிறது: கடற்காற்று. உப்புவெளி, நிலாவெளி, உட்துறைமுகப் பக்கமெல்லாம் இரும்பு கறல் பிடிக்க அதிக காலம் எடுக்காது. ஸ்டாண்டின் பொருத்துவாய்க்குள் கறல் ஏறினால் வெளியே தெரியாது. கல்லும் சீமெந்துமாகக் கட்டிய மேடை இங்கே எல்லாவற்றையும்விட நம்பிக்கையானது. இரும்புதான் என்றால் கறல் தடுப்புப் பூச்சு அடித்து, வருடத்துக்கு ஒருமுறை சுரண்டிப் பாருங்கள்.

வளவில் சீமெந்துத் தொட்டி கட்டி வளர்க்கலாமா?

தாராளமாக. பெரிய மீனுக்குக் கண்ணாடியைவிட அது நல்லது, மலிவும்கூட. ஆனால் புதுச் சீமெந்திலிருந்து சுண்ணாம்பு கசிந்து நீரின் பிஎச் அளவை (அமிலமா காரமா என்று காட்டும் எண்; 7க்கு மேலே காரம்) கடுமையாக ஏற்றிவிடும்; மீன் உடம்பின் சளிப்படலம் வெந்துபோகும். தொட்டியை நிரப்பி, வாழைத்தண்டை வெட்டித் துண்டுகளாகப் போட்டு, அழுகவிட்டு, ஒரு கிழமையில் இறைத்துத் தேய்த்துக் கழுவி, திரும்ப நிரப்புவது நம்மவர்கள் வழக்கமாகச் செய்வது. மூன்று நான்கு முறை செய்தால் சரியாகும். கடைசித் தண்ணீரை இரண்டு நாள் வைத்து பிஎச் பாருங்கள். 8.5க்கு மேல் நின்றால் இன்னும் ஒருமுறை.

இரண்டு காரியம் முக்கியம். மேலே கூரையோ நிழல்வலையோ வேண்டும். மாரியில் வெள்ளம் ஏறுகிற வளவென்றால் தொட்டிச் சுவரை நில மட்டத்திலிருந்து உயர்த்திக் கட்டி, இறுக்கமாக வலை போடுங்கள். வெள்ளத்தோடு மீன் வாய்க்காலுக்குப் போனால் என்ன நடக்கும் என்பதைக் கீழே சொல்கிறேன்.

குழாய்த் தண்ணீரா, கிணற்றுத் தண்ணீரா?

நகருக்கு வரும் குழாய்த் தண்ணீர் கந்தளாய்க் குளத்து நீர். சுத்திகரித்து குளோரின் சேர்த்துத்தான் வருகிறது. குளோரின் செவுளை எரிக்கும், பில்டரில் உள்ள நல்ல பக்டீரியாவையும் கொல்லும். திறந்த பீப்பாயில் பிடித்து, காற்றுக் கல் போட்டு ஒரு நாள் விட்டால் போய்விடும். அவசரத்துக்குக் கடைகளில் விற்கும் குளோரின் நீக்கி மருந்து போதும்.

கிணறு இடத்துக்கு இடம் மாறும். கடலோரக் கிணறுகள் வெயில் காலத்தில் சவராகும். சவர்க்காரம் போட்டால் நுரைக்காது. இதைக் குறையாக நினைக்காதீர்கள், மீனைத் தண்ணீருக்கு ஏற்பத் தேர்ந்தெடுங்கள். ஜாகுவார், ரெட் டெவில் போன்ற மத்திய அமெரிக்க மீன்களும் மலாவி ஏரி மீன்களும் கனிமம் கூடிய, காரத்தன்மையான நீரிலேயே பிறந்தவை. இலேசான சவர்க் கிணறு அவற்றுக்கு ஒத்துப்போகும். ஒஸ்காரின் ஊர் மென்மையான நீர். ஆனாலும் தலைமுறை தலைமுறையாகத் தொட்டியில் பெருகி வந்ததால் பிஎச் 6 முதல் 8 வரை தாங்கும். அமேசனின் கிளையாறான ரியோ நெக்ரோவின் கறுத்த அமில நீரில் வாழும் பீகொக் பாஸ் இனத்துக்கு நம் கிணறு கொஞ்சமும் பொருந்தாது.

கிணற்றிலிருந்து இறைத்த நீரில் ஒட்சிசன் குறைவு. நேரே தொட்டிக்குள் விடாமல் பீப்பாயில் காற்றுப் பிடித்துவிட்டு ஊற்றுங்கள்.

புதுத் தொட்டி, கண்ணாடிபோலத் தண்ணீர், பிறகும் மீன் செத்துவிட்டது. ஏன்?

தெளிவான நீர் நல்ல நீர் என்பதில்லை. மீனின் கழிவிலிருந்தும் மிஞ்சிய சாப்பாட்டிலிருந்தும் அமோனியா உண்டாகிறது. அதை ஒருவகை பக்டீரியா நைத்திரைற்றாக மாற்றும், இன்னொரு வகை அதை நைத்திரேற்றாக மாற்றும். முதலிரண்டும் நஞ்சு, மூன்றாவது ஓரளவு வரை தாங்கக்கூடியது. அந்தப் பக்டீரியாக்கள் பில்டரில் குடியேற நான்கு முதல் ஆறு கிழமை எடுக்கும். புதுத் தொட்டியில் அவை இல்லை. அவ்வளவுதான் விஷயம்.

நம் ஊரில் இது இன்னும் மோசம். அமோனியாவின் நஞ்சு வெப்பத்தோடும் பிஎச்சோடும் கூடும். 30 பாகை வெப்பத்தில் பிஎச் 7 என்றால் மொத்த அமோனியாவில் நூற்றில் ஒரு பங்குகூட நஞ்சு வடிவில் இல்லை. அதே வெப்பத்தில் பிஎச் 8 என்றால் நூற்றில் ஏழு எட்டுப் பங்கு நஞ்சு. கடலோரக் கிணற்று நீரில் ஒருவருடைய மீன் செத்து, குழாய் நீரில் அடுத்த வீட்டுக்காரருடைய மீன் பிழைப்பதற்கு இது போதும்.

ஆகவே தொட்டியை நிரப்பி, பில்டரை ஓடவிட்டு, சிறு துண்டு இறாலை அழுகப் போட்டு ஒரு மாதம் பொறுங்கள். மீன் வளர்க்கும் நண்பரிடம் பழைய பில்டர் பஞ்சில் ஒரு துண்டு வாங்கிப் போட்டால் காலம் பாதியாகும். சோதித்துப் பார்த்து, அமோனியாவும் நைத்திரைற்றும் பூச்சியம் காட்டிய பிறகு மீனை விடுங்கள்.

எந்த பில்டர்?

தொட்டி நீர் மணிக்கு ஆறு முதல் பத்துத் தடவை பில்டர் வழியாகப் போய்வர வேண்டும். 680 லீற்றருக்கு மணிக்கு 4,000 லீற்றருக்குக் குறையாத மோட்டர். காசுக்கு ஏற்றது சம்ப்: கீழே இன்னொரு பழைய தொட்டி, அதற்குள் முதலில் பஞ்சு, பிறகு செராமிக் வளையம் அல்லது உடைத்துக் கழுவிய ஓட்டுத் துண்டு. ஓட்டுத் துண்டு நன்றாகவே வேலை செய்யும்; விலை உயர்ந்ததுதான் நல்லது என்றில்லை.

கரண்ட் நின்றால் மேல் தொட்டி நீர் குழாய் வழியே திரும்பிக் கீழே வந்து வீடெல்லாம் வெள்ளமாகும். திரும்பிவரும் குழாயில், நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே சின்னத் துளை ஒன்று போட்டால் காற்று புகுந்து நின்றுவிடும். பூட்டிய அன்றே பிளக்கைக் கழற்றிச் சோதித்துப் பாருங்கள்.

பஞ்சை எப்போதும் தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே அலசுங்கள். குழாய்க்குக் கீழே பிடித்தால் பக்டீரியா போச்சு.

எத்தனை நாளுக்கு ஒருமுறை தண்ணீர் மாற்றுவது?

கிழமைக்கு ஒருமுறை, மூன்றில் ஒரு பங்கு. மீன் பெரிதானால் 40 வீதம். அந்தத் தண்ணீரை வீணாக்காதீர்கள். தென்னைக்கும் முருங்கைக்கும் அதைப்போல உரமில்லை. தெரு வடிகாலில் மட்டும் விட வேண்டாம்.

கச்சான் காலத்தில் மீன் மேலே வந்து வாய் பிளக்கிறது. என்ன செய்ய?

வைகாசி தொடங்கி ஆவணி வரை கச்சான் அடிக்கும்போது வீட்டுக்குள் இருக்கும் தொட்டியே 32 பாகையைத் தொடும். 25 பாகை நீரில் லீற்றருக்கு 8.2 மில்லிகிராம் ஒட்சிசன் கரையும். 32 பாகையில் 7.3 மட்டும்தான். அதே நேரம் வெக்கையில் மீனுக்கு ஒட்சிசன் தேவை கூடுகிறது, பக்டீரியாவுக்கும் கூடுகிறது. வரவு குறைந்து செலவு கூடிய வீட்டின் நிலைதான்.

முதல் வேலை, மேற்பரப்பைக் கலக்குங்கள். காற்றுக் கல் கூட்டுங்கள், பில்டரின் நீர் உயரத்திலிருந்து விழும்படி வையுங்கள். இரண்டாவது, மூடியைத் திறந்து வலை போட்டு, மேசை விசிறியை நீர்மேல் வீசவிடுங்கள். கச்சான் காற்று காய்ந்த காற்று; ஆவியாதல் வேகமாக நடக்கும், இரண்டு மூன்று பாகை இறங்கும். வலை இல்லாமல் திறக்காதீர்கள், இந்த மீன்கள் பாயும். மூன்றாவது, சாப்பாட்டைப் பாதியாக்குங்கள். ஐஸ் போத்தலைப் போடுவதை நான் விரும்புவதில்லை. சட்டென்று இறங்கித் திரும்ப ஏறும் வெப்பம் மீனுக்கு இன்னும் கஷ்டம்.

ஆவியான நீருக்குப் பதில் சவர்க் கிணற்று நீரையே ஊற்றிக்கொண்டிருந்தால் தொட்டியில் உப்பும் கனிமமும் ஏறிக்கொண்டே போகும். குறையை நிரப்பக் குழாய் நீரோ சேமித்த மழைநீரோ நல்லது. மற்றபடி ஹீற்றர் நம் ஊருக்குத் தேவையே இல்லை. மார்கழி மழையிலும் 24 பாகைக்குக் கீழே தொட்டி இறங்குவது அரிது.

கரண்ட் கட் வந்தால்?

2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணி நேரம் வரை கரண்ட் நின்றதை யாரும் மறந்திருக்க மாட்டோம். மாரியில் மரம் விழுந்து கம்பி அறுவதும் இங்கே வழமை. பெரிய மீன் வைத்திருப்பவருக்கு பற்றரியில் ஓடும் காற்றுப் பம்ப் அவசியம்; மீன் வாங்குவதற்கு முன்னமே அதை வாங்குங்கள். அதுவும் இல்லாத நேரத்தில் யொக்கால் நீரை அள்ளி ஓரடி உயரத்திலிருந்து ஊற்றுங்கள், கால்மணிக்கு ஒருமுறை.

கரண்ட் இல்லாத நேரத்தில் சாப்பாடு போடவே கூடாது. கனிஸ்டர் பில்டர் (தொட்டிக்கு வெளியே இருக்கும் மூடிய பில்டர்) வைத்திருப்பவர்கள் இதையும் கவனியுங்கள்: பல மணி நேரம் நீரோட்டம் இல்லாமல் நின்றால் உள்ளே ஒட்சிசன் தீர்ந்து பக்டீரியா சாகத் தொடங்கும், நீர் நாறும். கரண்ட் வந்ததும் அதை அப்படியே ஓடவிட்டால் அந்த நஞ்சு முழுவதும் மீனிடம் போகும். திறந்து அந்த நீரைக் கொட்டி, தொட்டி நீரால் அலசிப் பூட்டுங்கள்.

உயிர் மீன் போட வேண்டுமா?

வேண்டாம். வேட்டை மீன் என்றாலும் வேண்டாம். விலைக்கு வாங்கும் கப்பியும் குட்டித் திலாப்பியாவும் ஒட்டுண்ணியையும் நோயையும் சேர்த்தே கொண்டுவரும். தங்கமீனில் தயமினேஸ் என்ற நொதி உண்டு. அது விற்றமின் பீ1ஐ அழிக்கும். மாதக்கணக்கில் அதையே தின்னும் மீன் நரம்பு தளர்ந்து சுழன்று நீந்தும். நெத்தலி போன்ற சில கடல் மீன்களிலும் அதே நொதி இருக்கிறது. குளிரூட்டியில் உறையவைத்தால் ஒட்டுண்ணி பெரும்பாலும் சாகும், ஆனால் தயமினேஸ் அழியாது.

கோழி ஈரல், மாட்டிறைச்சி என்று போடுகிறவர்கள் பலர். மீன் வேகமாகக் கொழுக்கும், உண்மை. மிருகக் கொழுப்பை மீனின் ஈரல் சமாளிக்காது. கொழுத்த மீன் ஒருநாள் காரணமே தெரியாமல் சாகும்.

மிதக்கும் பெல்லட்டை அடிப்படையாக வையுங்கள்; புரதம் 40 வீதத்துக்கு மேல் இருக்கட்டும். கிழமையில் இரண்டு மூன்று நாள் இறால், வெள்ளைச் சதை மீன் துண்டு, மருந்தடிக்காத வளவில் தோண்டிய மண்புழு. சந்தைக்குக் காலையில் போனால் நல்ல இறால் கிடைக்கும் ஊர் இது. அந்த வசதியைப் பயன்படுத்துங்கள். வளர்ந்த மீனுக்கு நாளுக்கு ஒருதரம், கிழமையில் ஒரு நாள் பட்டினி.

பெல்லட் தின்ன மறுத்தால் மூன்று நான்கு நாள் எதுவும் போடாமல் விட்டு, இறால் துண்டுகளுக்கு நடுவே பெல்லட்டை எறியுங்கள். ஆரோக்கியமான ஒஸ்கார் பட்டினியால் அவ்வளவு சீக்கிரம் சாகாது.

அண்ணா, ஒஸ்கார் பக்கவாட்டில் சரிந்து கிடக்கிறது. செத்துவிடுமா?

புதிதாகக் கொண்டுவந்ததா, அல்லது தொட்டியை மாற்றி அடுக்கினீர்களா? அப்படியென்றால் பயப்படாதீர்கள். ஒஸ்கார் மன உளைச்சலில் இப்படித்தான் படுத்துக்கொள்ளும். விளக்கை அணைத்து ஒரு நாள் தனியே விடுங்கள், எழும்பிவிடும். செவுள் வேகமாக அடித்தாலோ உடம்பில் வெள்ளைப் பொட்டு இருந்தாலோ உடனே நீரைச் சோதியுங்கள்.

தலையில் துளை துளையாக விழுகிறதே?

ஒஸ்காருக்கு அதிகம் வரும் நோய். கண்ணுக்கு மேலே ஊசி குத்தியதுபோலத் தொடங்கி, குழியாகப் பெருகும். நைத்திரேற்று ஏறிய பழைய நீர், ஒரே வகைச் சாப்பாடு, குடலில் வாழும் ஒருவகை ஒட்டுண்ணி என்று பல காரணங்கள் சேர்ந்து வருவது. ஆரம்பத்தில் பிடித்தால் இரண்டு நாளுக்கு ஒருமுறை மூன்றில் ஒரு பங்கு நீர் மாற்றுவதும் சாப்பாட்டை மாற்றுவதுமே பெரும்பாலும் குணமாக்கும். குழி ஆழமாகி, மீன் சாப்பிடாமல் வெள்ளைச் சளியாகக் கழித்தால் மெட்ரோனிடசோல் தேவைப்படும். அதை மிருக வைத்தியரிடம் கேட்டு அளவோடு கொடுங்கள்.

ஒன்றோடு ஒன்றை விடலாமா?

வாய்க்குள் போகிற எதையும் விடக்கூடாது. வாய் எவ்வளவு விரியும் என்று நீங்கள் நினைப்பதைவிட இன்னும் கொஞ்சம் விரியும். சின்னக் கெளுத்தியை விழுங்கி, அதன் முள் தொண்டையில் விரிந்து மாட்டி, இரண்டும் சாவது உண்டு.

ஒஸ்காரோடு பெரிய சில்வர் டொலர் கூட்டமாகவும், வளர்ந்த டாங்க் கிளீனரும் ஆறடித் தொட்டியில் இருக்கும். டாங்க் கிளீனரும் 40 சென்ரிமீற்றர் வளரும், அதுவும் கழிவு போடும் என்பதைக் கணக்கில் சேருங்கள். ஜாகுவாரையோ ரெட் டெவிலையோ ஆண் பெண் சோடியாக விட்டால் ஆண் பெண்ணை அடித்தே கொன்றுவிடும். துளையுள்ள பிளாஸ்டிக் தட்டியால் தொட்டியைப் பிரித்து வைப்பதுதான் வழி.

பிளவர்ஹோர்னும் இந்த வகைதானா?

ஆம், மத்திய அமெரிக்கச் சிக்லிட்டுகளைக் கலந்து 1990களில் மலேசியாவில் உருவாக்கிய கலப்பினம். இயற்கையில் கிடையாது. கவனிப்பு ரெட் டெவிலுக்கு உள்ளதுதான். தனியாக வையுங்கள்.

கடற்கரை மணலும் பவளக் கல்லும் போட்டால் வடிவாக இருக்குமே?

கடற்கரை மணலில் சிப்பித்தூள் இருக்கிறது, பிஎச் ஏறும். ஆற்று மணலைக் கழுவிப் போடுங்கள். பவளக் கல்லை எடுக்கவே வேண்டாம். நம் நாட்டில் பவளப்பாறை எடுப்பது சட்டப்படி குற்றம். புறாமலையும் அதைச் சூழ்ந்த பாறைகளும் 2003இலிருந்து தேசியப் பூங்கா. வீட்டுத் தொட்டி அழகுக்காக அதில் கைவைப்பதை என்னால் ஏற்க முடியாது.

இந்த மீன்கள் தோண்டும், கல்லைத் தள்ளும். கற்களை முதலில் அடிக்கண்ணாடியில் தடித்த றப்பர் விரிப்பின்மேல் வைத்து, பிறகு மணல் போடுங்கள்.

கையைக் கடிக்குமா?

ஜாகுவாரும் குஞ்சு காக்கும் எந்த மீனும் கடிக்கும், தோல் கிழியும். இடுக்கியால் சாப்பாடு போடுங்கள். அதைவிட ஆபத்து கரண்ட். தொட்டிக்குள் கை வைக்கும் முன் எல்லாப் பிளக்கையும் கழற்றுங்கள். வீட்டில் ட்ரிப் சுவிட்ச் வேலை செய்கிறதா என்று பாருங்கள். கடற்காற்றில் பிளக் முனை பச்சை பிடிக்கும், அதையும் துடைத்து வையுங்கள்.

முட்டையிட்டுவிட்டது. குஞ்சுகளை விற்கலாமா?

தாயும் தகப்பனும் சேர்ந்து முட்டையைக் காப்பது இந்தக் குடும்பத்தில் ஒஸ்கார் போன்ற பல மீன்களின் அருமையான குணம். செட்டையால் விசிறி, கெட்ட முட்டையை வாயால் பொறுக்கி, குஞ்சு பொரித்த பிறகும் கூட்டத்தைச் சுற்றிச் சுற்றி வருவார்கள். பாருங்கள், ரசியுங்கள். ஆனால் ஒஸ்கார் ஒரே தடவையில் ஆயிரத்துக்கு மேல் முட்டையிடும். அத்தனை 30 சென்ரிமீற்றர் மீனுக்கும் நம் ஊரில் தொட்டி எங்கே இருக்கிறது? வாங்க ஆள் உறுதியாக இல்லையென்றால் முட்டைக் கல்லை எடுத்துவிடுங்கள்.

தொட்டி காணாது. கந்தளாய்க் குளத்தில் விட்டால் பிழைத்துக்கொள்ளுமே? திலாப்பியாவும் வெளியிலிருந்து வந்ததுதானே?

விடாதீர்கள். பிழைத்துக்கொள்ளும் என்பதால்தான் விடாதீர்கள் என்கிறேன்.

மொசாம்பிக் திலாப்பியா 1952இல் உணவுக்காகக் கொண்டுவந்து விடப்பட்டது. அது பெரும்பாலும் பாசியும் அடிமண் கழிவும் தின்னும் மீன். அதற்கே நன்மை தீமை பற்றி இன்றுவரை விவாதம் நடக்கிறது. ஜாகுவாரும் பீகொக் பாஸும் மற்ற மீனைத் தின்று வாழ்பவை. பனாமாவின் கட்டுன் ஏரியில் என்ன நடந்தது என்று பாருங்கள். 1960களில் ஒரு வளர்ப்புக் குளத்திலிருந்து தப்பிய பீகொக் பாஸ் அந்த ஏரிக்குள் புகுந்தது. சில வருடங்களிலேயே அது பரவிய பகுதிகளில், முன்பு சாதாரணமாகக் கிடைத்த எட்டு மீன் இனங்களில் ஆறு ஏறக்குறைய இல்லாமல் போயின. சின்ன மீன்கள் போனதும் அவற்றை நம்பியிருந்த பறவைகளும் குறைந்தன. இதைப் பற்றி 1973இல் வெளியான ஆய்வை உயிரியல் மாணவர்கள் இன்றும் படிக்கிறார்கள்.

நம் நாட்டிலும் உதாரணம் இருக்கிறது. அழகுக்கென்று வந்த கத்தி மீன் இன்று ஆறுகளிலும் நீர்த்தேக்கங்களிலும் பெருகிவிட்டது. டாங்க் கிளீனரும் அப்படியே. கந்தளாய்க் குளம் தனித்த குளமும் அல்ல. வாய்க்கால் வழியாக மின்னேரியாவோடு தொடர்புடையது. ஒரு குளத்தில் விட்ட மீன் ஒரு குளத்தோடு நிற்காது. கந்தளாயில் விடியப்புறம் தோணியில் போய் வலை இழுத்துத் திலாப்பியா கொண்டுவரும் குடும்பங்களின் பிழைப்பு அந்தக் குஞ்சுகளில்தான் இருக்கிறது. பத்து சென்ரிமீற்றர் திலாப்பியா ஒரு ஜாகுவாருக்கு ஒரு வாய்.

கிணற்றிலும் விடக்கூடாது, மகாவலியிலும் விடக்கூடாது, கோயில் கேணியிலும் விடக்கூடாது. கடையில் திருப்பி எடுப்பார்களா என்று வாங்கும்போதே கேளுங்கள். எந்த வழியும் இல்லாமல், மீனும் தீராத நோயில் இருந்தால், கராம்புத் தைலம் வலியில்லாத வழி: லீற்றருக்கு 0.4 மில்லிலீற்றர், முதலில் கொஞ்சம் இளஞ்சூட்டு நீரில் குலுக்கிக் கலந்து மீன் உள்ள வாளியில் ஊற்ற வேண்டும். செவுள் அசைவு நின்ற பிறகும் அரை மணி நேரம் அப்படியே விட வேண்டும். ஆற்றில் விடுவதைவிட அது நேர்மையானது.

வெளிநாடு போகப் போகிறேன். மீனை என்ன செய்வது?

நம் ஊரில் இந்தக் கேள்வி அடிக்கடி வரும். விசா வந்த பிறகு தேடத் தொடங்கினால் காலம் போதாது. விண்ணப்பம் போடும்போதே ஆள் தேடுங்கள். தொட்டி, மீன், பில்டர் மூன்றையும் ஒன்றாகவே கொடுப்பது மீனுக்கு நல்லது. வீட்டில் தங்கைக்கோ அம்மாவுக்கோ ‘கொஞ்ச நாள் பாருங்கள்’ என்று விட்டுப் போகாதீர்கள். கிழமைக்கு 200 லீற்றர் நீர் மாற்றுவது அவர்கள் தலையில் விழும்.

கொண்டுபோகும் முன் இரண்டு நாள் சாப்பாடு போடாதீர்கள். வழியில் நீர் அழுக்காகாது. பிளாஸ்டிக் பையை முள் குத்திக் கிழிக்கும், ஆகவே மூடியுள்ள பெரிய வாளி அல்லது ஐஸ் பெட்டி எடுங்கள். பழைய தொட்டி நீரையே பாதிக்கு நிரப்பி, பற்றரிப் பம்ப் போட்டு, வெயில் ஏறுமுன் புறப்படுங்கள். பில்டர் பஞ்சையும் ஓட்டுத் துண்டுகளையும் அதே நீரில் நனைத்தபடி கொண்டுபோய், போன உடனேயே பூட்டி ஓடவிடச் சொல்லுங்கள். முதல் பத்து நாள் சாப்பாட்டைக் குறைத்து, இரண்டு நாளுக்கு ஒருமுறை அமோனியா பார்க்கும்படி வாங்குபவரிடம் எழுதியே கொடுத்துவிடுங்கள்.